பாக்டீரியாவின் நிறமும் மருந்தும்: வாசகர் கேள்வி – பதில்

பாக்டீரியாக்கள் உண்டாக்கும் இயற்கை நிறமிகளுக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டா என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒன்றையொன்று ஒத்திருந்தவற்றைச் சேர்த்து இங்கே விடையளித்திருக்கிறோம்.

கேள்வி: கண்ணுக்கே தெரியாத ஓர் உயிருக்கு நிறம் எதற்கு? அந்த நிறத்துக்கும் மருந்துக்கும் என்ன தொடர்பு?

ஒற்றைப் பாக்டீரியாவின் நிறத்தை நம்மால் பார்க்க முடியாது. அது கோடிக்கணக்கில் பெருகி, வளர்ப்புத் தட்டில் ஒரு திட்டாகத் திரளும்போதுதான் சிவப்பென்றும் ஊதாவென்றும் புலப்படுகிறது. பூவின் நிறம் வண்டை அழைப்பதுபோல இந்த நிறம் யாரையும் அழைப்பதற்காக உண்டானதன்று. ஒளிச்சேர்க்கை செய்யும் இனங்களுக்கு நிறமி ஒளியைப் பிடிக்கும் கருவியாக இருக்கிறது. வெயிலையும் ஆக்சிஜனின் அரிப்பையும் தாங்கி வாழ வேண்டியவற்றுக்குக் கேடயமாக இருக்கிறது. ஒரே பிடி மண்ணில் உணவுக்குப் போட்டியிடும் பிற நுண்ணுயிரிகளை விரட்ட வேண்டியவற்றுக்கு ஆயுதமாக இருக்கிறது. சில நிறமிகள் எதற்காக உண்டாகின்றன என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை.

மருந்துடனான தொடர்பு, நிறம் எப்படித் தோன்றுகிறது என்பதிலேயே இருக்கிறது. ஒரு மூலக்கூறில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி நீண்ட வரிசையாக அமைந்தால், அவற்றின் எலெக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுண்டு நிற்காமல் வரிசை முழுவதும் பரவி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியை உறிஞ்சத் தொடங்குகின்றன. நாம் காணும் நிறம் அதன் விளைவு. அதே தளர்வான எலெக்ட்ரான்கள் ஆக்சிஜனோடும் செல்லுக்குள் இருக்கும் பிற பொருள்களோடும் எளிதில் கொடுக்கல் வாங்கல் செய்கின்றன. தவிர, இத்தகைய மூலக்கூறுகள் பல தட்டையான வளையங்களால் ஆனவை என்பதால், டி.என்.ஏ.வின் ஏணிப்படிகளுக்கு இடையே செருகிக்கொள்ளவும் அவற்றால் முடிகிறது. நிறமுள்ள மூலக்கூறு உயிர்ச்செல்லுக்குள் சும்மா இருப்பதில்லை என்று இதிலிருந்து கொள்ளலாம். அது செய்யும் வேலை நமக்கு நன்மையா, தீமையா என்பதை நிறம் சொல்லாது.

கேள்வி: இந்த நிறமிகளைப் பற்றிய செய்திகள் எல்லாமே “எதிர்காலத்தில் மருந்தாகலாம்” என்றே முடிகின்றன. உண்மையில் மருந்தாகி, நோயாளியின் கைக்கு வந்தது ஒன்றாவது உண்டா?

உண்டு; அவற்றுள் ஒன்று உலகம் முழுவதும் நாள்தோறும் விழுங்கப்படுகிறது. காசநோய் மருந்துகளில் தலையாயதான ரிஃபாம்பிசின், பாக்டீரியா உண்டாக்கிய ஒரு சேர்மத்திலிருந்து பிறந்தது. 1957-இல், பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையை ஒட்டிய ஒரு பைன் காட்டின் மண், இத்தாலியின் மிலான் நகரிலிருந்த லெப்பெட்டிட் நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து ரிஃபாமைசின் என்ற சேர்மங்களின் குடும்பம் கிடைத்தது. பியரோ சென்சியும் அவருடைய சகாக்களும் அதை வேதியியல் முறையில் மாற்றி, வாய்வழியாக உட்கொள்ளத்தக்க ரிஃபாம்பிசினை 1960-களின் நடுவில் உருவாக்கினர். பாக்டீரியா தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதியை இது பிடித்து நிறுத்திவிடுகிறது. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக நீண்டிருந்த காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியதில், பைரசினமைடு என்ற இன்னொரு காசநோய் மருந்துடன் சேர்ந்து இதற்குப் பெரும் பங்கு உண்டு. மருந்து செங்கல் நிறத்தில் இருக்கும். உட்கொள்பவரின் சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு நிறமாக மாறும். இது தீங்கற்றது. காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்களுக்கு மட்டும் லென்ஸில் நிரந்தரக் கறை படியக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது மருத்துவர்களின் வழக்கம். இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தால் பாக்டீரியா ஒரே ஒரு மரபணுப் பிறழ்வால் அதை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டுவிடும் என்பதால்தான் அதைக் கூட்டு மருந்தாகவே தருகிறார்கள்.

அடுத்தது டாக்ஸோரூபிசின். 1950-களில், தென் இத்தாலியில் காஸ்டல் டெல் மோண்டே என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டைக்கு அருகே எடுத்த மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனப் பாக்டீரியா ஒன்று, பளிச்சென்ற சிவப்பு நிறமியுடன் வளர்ந்தது. அந்தச் சிவப்பு டானோரூபிசின். அந்த இனத்தின் பிறழ்ந்த வகை ஒன்று தந்தது டாக்ஸோரூபிசின். ரத்தப் புற்று, மார்பகப் புற்று, நிணநீர்ச் சுரப்பிப் புற்று எனப் பலவற்றில் இவை இன்றும் முதன்மை மருந்துகளாக இருக்கின்றன. மேலே சொன்ன தட்டையான வளையங்கள் டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொண்டு, அதன் முறுக்கைச் சீர்செய்யும் நொதியை இடையில் சிக்க வைத்துவிடுவதால், வேகமாகப் பெருகும் செல்கள் மடிகின்றன. ஆனால் இதே மருந்து இதயத் தசையையும் சிதைக்கிறது. அந்தச் சிதைவு ஒவ்வொரு தவணையிலும் சேர்ந்துகொண்டே போவதால், ஒருவருக்கு வாழ்நாள் முழுவதிலும் தரக்கூடிய மொத்த அளவுக்கு, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 450 முதல் 550 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு. கொழுப்பு நுண்குமிழிகளுக்குள் அடைத்துத் தரும் வடிவம் 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது இதயத்துக்கான தீங்கைக் குறைக்கிறது.

மூன்றாவது, இவற்றுக்கெல்லாம் மூத்தது. செல்மன் வாக்ஸ்மனும் பாய்ட் உட்ரஃபும் 1940-இல் பிரித்தெடுத்த ஆக்டினோமைசின் செம்மஞ்சள் நிறமுடையது. தொற்றுநோய்க்குத் தர முடியாத அளவுக்கு நச்சுத்தன்மை உடையது என்பதால் ஓரம் கட்டப்பட்டது. பின்னாளில் அந்த நச்சுத்தன்மையே பயன்பட்டது: குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டிக்கான சிகிச்சையில் அது இன்றும் இடம்பெறுகிறது.

மூன்று மருந்துகளையும் கண்டுபிடித்தவர்கள் நிறத்தைத் தேடிப் போகவில்லை. நுண்ணுயிரையோ கட்டியையோ எது தடுக்கிறது என்று தேடினார்கள். கிடைத்தது நிறமுள்ளதாக இருந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: புரோடிஜியோசின் என்ற சிவப்பு நிறமி புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்று படித்தேன். இன்னும் ஏன் மருந்தாக வரவில்லை?

புரோடிஜியோசின் பழைய கதை உள்ள நிறமி. 1819-இல் இத்தாலியின் பாதுவா நகருக்கு அருகிலுள்ள லெஞ்ஞாரோ என்ற ஊரில், சோளமாவுக் களி ரத்தம் தோய்ந்ததுபோலச் சிவந்துபோனது. மக்கள் அதைத் தீய சக்தியின் வேலையென்று அஞ்சினர். மருந்தியலாளரான பர்த்தொலொமேயோ பிட்சியோ, ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் அந்தக் களியை வைத்துப் புதிய களிக்கும் சிவப்பைப் பரவச் செய்து, இதற்குக் காரணம் ஓர் உயிரிதான் என்று காட்டினார். அவர் அதைப் பூஞ்சை என்று கருதினாலும், செராஷியா மார்செசன்ஸ் என்று அவர் வைத்த பெயர் இன்று அந்தப் பாக்டீரியாவுக்கு நிலைத்துவிட்டது.

நீங்கள் படித்தது பொய்யன்று. மூன்று பைரோல் வளையங்கள் கோத்த இந்த மூலக்கூறு, ஆய்வகத்தில் பலவகைப் புற்றுச்செல்களைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது. மலேரியா ஒட்டுண்ணியைத் தடுக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி-செல்களை அடக்குகிறது. தயக்கம் இந்தப் பட்டியலின் நீளத்திலிருந்தே தொடங்க வேண்டும். எதையெல்லாமோ தாக்கும் பொருள், தாக்கக் கூடாததையும் தாக்கும். வளர்ப்புத் தட்டில் இருக்கும் புற்றுச்செல்லைச் சோப்புநீரும் கொல்லும். நல்ல செல்லை விட்டுவிட்டுப் புற்றுச்செல்லை மட்டும் எந்த அளவில் கொல்கிறது, அந்த அளவை ரத்தத்தில் எட்ட முடியுமா, எட்டினால் கல்லீரலும் சிறுநீரகமும் தாங்குமா என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை “கொல்கிறது” என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் எடை குறைவு. இந்த நிறமியோ தண்ணீரில் கரைவதும் அரிது.

மருத்துவத்தை நோக்கி மிகத் தொலைவு சென்றது, இதன் அமைப்பைப் பின்பற்றி ஆய்வகத்தில் உருவாக்கிய ஒபாடோகிளாக்ஸ் என்ற செயற்கைச் சேர்மம். புற்றுச்செல் சாகாமல் காத்துக்கொள்ளும் பி.சி.எல்-2 குடும்பப் புரதங்களை முடக்குவது அதன் நோக்கம். நோயாளிகளிடம் நடந்த முதல், இரண்டாம் கட்டப் பரிசோதனைகளில், மருந்தை ரத்தக்குழாய் வழியே செலுத்தும்போது தூக்கக் கலக்கம், காரணமற்ற மகிழ்ச்சி, தள்ளாட்டம் போன்ற மூளை சார்ந்த விளைவுகள் தென்பட்டன. கட்டிகளின் மீதான பலனும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அது சந்தைக்கு வரவில்லை. ஆனால் அது குறிவைத்த புரதக் குடும்பம் சரியான இலக்கு என்பதை, வேறு வழியில் வடிவமைக்கப்பட்ட வெனிடோகிளாக்ஸ் என்ற மருந்து 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று உறுதிசெய்தது.

கேள்வி: குளியலறை ஓரங்களில் படியும் இளஞ்சிவப்புப் படலம் இந்தச் செராஷியாதானா? மருந்துக்குணம் உள்ளதென்றால் அது நல்லதா?

பெரும்பாலும் அதுதான், அல்லது இளஞ்சிவப்பு நிறம் கொண்ட வேறொரு நீர்வாழ் பாக்டீரியா. நல்லதன்று, பிளீச்சிங் கரைசலால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். திறந்த புண் உள்ளவர்களும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் அதைத் தொடாமலிருப்பது நலம்.

இந்தப் பாக்டீரியா தீங்கற்றது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். சிவப்புத் திட்டுகளாக எளிதில் அடையாளம் காண முடியும் என்பதால், 1950-இல் அமெரிக்கக் கடற்படை சான் ஃபிரான்சிஸ்கோ கடற்கரையில் இதைக் காற்றில் தூவி, கிருமிகள் எவ்வளவு தூரம் பரவும் என்று சோதித்தது. அதைத் தொடர்ந்து அந்நகர மருத்துவமனை ஒன்றில் 11 பேருக்குச் செராஷியாத் தொற்று ஏற்பட்டு ஒருவர் இறந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது பின்னர் நீதிமன்றம்வரை சென்றும் நிறுவப்படவில்லை. இன்று மருத்துவமனைகளில் தொற்றை உண்டாக்கும் செராஷியா வகைகளில் பெரும்பாலானவை நிறமற்றவை.

கேள்வி: ஊதா நிறம் தரும் வயோலசீன் பற்றி விரிவாகச் சொல்லுங்கள். தவளைகளைக் காப்பாற்றுவதாகவும் கேள்விப்பட்டேன்.

வயோலசீன், குரோமோபாக்டீரியம் வயோலேசியம் என்ற மண், நீர்வாழ் பாக்டீரியாவிலும் வேறு சில இனங்களிலும் உண்டாகிறது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தின் இரண்டு மூலக்கூறுகளை ஐந்து நொதிகள் வரிசையாகக் கையாண்டு இந்த ஊதாவை உருவாக்குகின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற, வெளிச்சவ்வு இல்லாத கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களை இது நன்றாகத் தடுக்கிறது. வெளிச்சவ்வு உள்ள கிராம்-நெகட்டிவ் வகைகளிடம் அவ்வளவு எடுபடுவதில்லை.

தவளைச் செய்தியின் பின்னணி இது. தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சை, உலகெங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வன இனங்களைச் சரிவுக்குத் தள்ளியிருக்கிறது. வட அமெரிக்காவின் செம்முதுகுச் சாலமாண்டரின் தோலில் ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம் என்ற ஊதாப் பாக்டீரியா வாழ்வதும், அது சுரக்கும் வயோலசீன் அந்தப் பூஞ்சையைத் தடுப்பதும் தெரியவந்தன. 2009-இல் வெளியான ஆய்வொன்றில், கலிபோர்னியாவின் மலைவாழ் மஞ்சட்கால் தவளைகளை இந்தப் பாக்டீரியா கலந்த நீரில் நனைத்துப் பின்னர் பூஞ்சைக்கு உட்படுத்தியபோது, அவை நோயிலிருந்து தப்பின. இதே உத்தியைப் பனாமாவின் பொன்னிறத் தவளையிடம் முயன்றபோது பலிக்கவில்லை. பாக்டீரியா அதன் தோலில் நிலைத்துத் தங்கவில்லை, தவளைகள் இறந்தன. நிறமி ஒன்றுதான், அது தங்கும் தோல் வேறு. முதல் ஆய்வைச் சொல்லும் கட்டுரைகள் இரண்டாவதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

எனக்கு இந்தப் பாக்டீரியாவிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. குரோமோபாக்டீரியம் வயோலேசியத்திலிருந்து ஏற்கெனவே இரண்டு உண்மையான மருந்துகள் வந்துவிட்டன. இரண்டுக்கும் ஊதா நிறத்தோடு தொடர்பில்லை. பென்சிலின் ஒவ்வாமை உள்ள பலருக்கும் தரக்கூடிய ஆஸ்ட்ரியோனம் என்ற எதிருயிரி, இந்தப் பாக்டீரியாவில் கண்ட நிறமற்ற சேர்மம் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்டு, 1986-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தோலில் வரும் டி-செல் புற்றுக்கான ரோமிடெப்சின், இதே இனத்தின் ஒரு வகையிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தது. 2009-இல் ஒப்புதல் பெற்றது. வயோலசீன் மட்டும் இன்னும் ஆய்வகத்திலேயே இருக்கிறது. கண்ணைக் கவர்ந்த பொருளைச் சுற்றியே கட்டுரைகள் பெருகுகின்றன. பக்கத்தில் நிறமில்லாமல் இருந்தது மருந்தாகிவிட்டது. இந்தப் பாக்டீரியா மனித ரத்தத்தில் புகுந்தால் உண்டாகும் தொற்று அரிது என்றாலும், உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கடுமையானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: இயற்கையான நிறமி என்பதால் பக்கவிளைவு இருக்காது அல்லவா?

இருக்கும். சில நிறமிகள் நோயை உண்டாக்குவதற்கே துணை நிற்கின்றன. புண்களில் காணப்படும் நீலப்பச்சைச் சீழுக்குக் காரணமான பயோசயனின், சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவின் நிறமி. நுரையீரல் செல்களில் ஆக்சிஜனின் கொடிய வடிவங்களை உண்டாக்கி அவற்றைச் சிதைக்கிறது. பிறந்த குழந்தைகளைத் தாக்கும் ‘பி’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸின் செம்மஞ்சள் நிறமியான கிரானடீன், சிவப்பணுக்களை உடைக்கும் நஞ்சாகவே வேலை செய்கிறது.

1899-இல் ஜெர்மனியில் எம்மரிக், லோவ் என்ற இருவர், சூடோமோனாஸின் பழைய வளர்ப்புகளிலிருந்து எடுத்த சாற்றைப் பயோசயனேஸ் என்ற பெயரில் மருந்தாக்கினர். பென்சிலினுக்குப் பல ஆண்டுகள் முன்பே, நோயாளிகளுக்குத் தரப்பட்ட முதல் எதிருயிரி மருந்துகளில் அது ஒன்று. தொண்டை அடைப்பான் நோய்க்குக்கூடப் பயன்படுத்தினார்கள். ஒரு தயாரிப்பு போல இன்னொன்று இருக்கவில்லை, பலனும் நிலையாக இல்லை, நச்சுத்தன்மையும் இருந்தது. மெல்ல மறைந்துபோயிற்று.

நிறமி நோய்க்குத் துணை என்றால், நிறமியைத் தடுப்பதும் மருத்துவமாகலாம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் பொன்னிறம், நம் வெள்ளையணுக்கள் பாய்ச்சும் ஆக்சிஜன் தாக்குதலிலிருந்து அதைக் காக்கிறது என்று 2005-இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினர். 2008-இல், கொலஸ்டிராலைக் குறைப்பதற்காக உருவாக்கிய ஒரு சேர்மம் அந்த நிறமியின் உற்பத்தியையும் நிறுத்துவது தெரியவந்தது. நிறமிழந்து வெளுத்த பாக்டீரியாவை எலிகளின் உடல் எளிதில் அழித்தது. பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் கேடயத்தை மட்டும் பறிக்கும் இந்த வழி, எனக்குத் தெரிந்த நிறமி ஆய்வுகளிலேயே மிக நேர்த்தியானது.

கேள்வி: நிறம் என்ற பண்பையே, அதாவது ஒளியை உறிஞ்சுவதையே, சிகிச்சையாக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியாக்களின் பாக்டீரியோகுளோரோஃபில் நிறமியிலிருந்து, நடுவில் பல்லேடியம் அணுவை வைத்து உருவாக்கிய படெலிபோர்ஃபின் என்ற மருந்தை ரத்தத்தில் செலுத்தி, புராஸ்டேட் சுரப்பிக்குள் ஒளியிழைகளை நுழைத்து, 753 நானோமீட்டர் அலைநீள லேசரைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி பட்ட இடத்தில் மட்டும் மருந்து விழித்தெழுந்து, கட்டிக்கு உணவூட்டும் ரத்தக்குழாய்களை அடைத்துவிடுகிறது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் தோன்றிய இம்மருந்துக்கு, ஆபத்துக் குறைந்த நிலையிலுள்ள புராஸ்டேட் புற்றுக்காக 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புதல் அளித்தது. 2020-இல் அமெரிக்காவில் மருந்து ஒப்புதல் குறித்துப் பரிந்துரைக்கும் ஆலோசனைக் குழு எதிர்த்து வாக்களித்தது. அந்நிலைப் புற்றைப் பலருக்கும் தொடாமல் கண்காணித்தாலே போதும் என்ற வாதம் வலுவானது. இதே கொள்கையின் எளிய வடிவம் முகப்பருச் சிகிச்சையில் உண்டு: பருவில் வாழும் பாக்டீரியா தானே சேர்த்து வைத்துள்ள போர்ஃபிரின் நிறமி நீல ஒளியை உறிஞ்சி, அந்தப் பாக்டீரியாவையே அழிக்கிறது.

கேள்வி: ஸ்பைருலினாவின் நீல நிறமிக்கு மருந்துக்குணம் உண்டு என்று மாத்திரை விற்கிறார்கள். வாங்கலாமா?

ஸ்பைருலினா ஒரு நீலப்பச்சைப் பாக்டீரியா; அதன் ஃபைக்கோசயனின் கொண்ட சாற்றுக்கு 2013-இல் அமெரிக்கா தந்த ஒப்புதல் உணவு நிறமூட்டி என்ற அளவில்தான். மருந்து என்று ஒப்புதல் இல்லை. அதிலுள்ள பி12-இன் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். தூய்மையற்ற நீரில் வளர்த்தால் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சு கலக்கவும் கூடும். நோய்க்கு மாற்றாக இதை நம்ப வேண்டாம்.

கேள்வி: நான் நுண்ணுயிரியல் முதுகலை மாணவி. பாக்டீரியா நிறமியின் புற்றெதிர்ப்புத் தன்மையை ஆய்வுக்கு எடுக்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

நிறமியை மருந்தாக மட்டும் பார்க்காமல், அடையாளமாகவும் பாருங்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற இனம் நீல ஆக்டினோரோடினையும் ஒரு சிவப்பு நிறமியையும் உண்டாக்குகிறது. மரபணு ஒன்றைக் கெடுத்தால் நிறம் மறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதால்தான், இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் மையத்தில் டேவிட் ஹாப்வுட் குழுவினர் 1984-இல் ஓர் எதிருயிரியை உண்டாக்கும் முழு மரபணுத் தொகுதியையும் முதன்முதலாகப் பிரித்தெடுக்க முடிந்தது. 2002-இல் அதன் முழு மரபணுத் தொகையும் படிக்கப்பட்டபோது, இத்தகைய தொகுதிகள் இருபதுக்கும் மேல் இருப்பதும், பெரும்பாலானவற்றின் விளைபொருளை அதுவரை யாரும் கண்டதில்லை என்பதும் தெரிந்தன. ஆய்வுக்கு அங்கே இடம் நிறைய உண்டு.

புற்றெதிர்ப்பையே எடுப்பதானால், மூன்றைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். வளர்ப்புச் சாற்றை அப்படியே சோதிக்காமல் நிறமியைத் தூய்மையாகப் பிரித்து, அதன் அமைப்பை உறுதிசெய்துகொள்ளுங்கள். புற்றுச்செல்லுக்குப் பக்கத்தில் இயல்பான செல் ஒன்றையும் அதே அளவுகளில் சோதியுங்கள். மூன்றாவது பலரும் தவறவிடுவது: செல்கள் உயிரோடிருக்கின்றனவா என்று அறிய வழக்கமாகச் செய்யும் எம்.டி.டி. சோதனையில், உண்டாகும் ஊதா நிறத்தை ஏறத்தாழ 570 நானோமீட்டரில் அளக்கிறோம். வயோலசீன் மிகுதியாக உறிஞ்சுவது 575-க்கு அருகில். செல்லே இல்லாத குழிகளில் நிறமியை மட்டும் ஊற்றி அளந்து, அதைக் கழித்துக்கொள்ளாவிட்டால், நீங்கள் அளப்பது செல்லின் உயிரையா, நிறமியின் நிறத்தையா என்று உங்கள் தேர்வாளர் கேட்பார்.